கூட்டலில் வராத பாடம்

லேபில் ஒவ்வொரு நாள் காலையும் நாங்கள் மெஷினில் முதலில் வைப்பது எந்த நோயாளியின் இரத்தமும் அல்ல. சின்னக் குப்பியில் வரும் கன்ட்ரோல் என்கிற திரவம். அதில் சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று முன்பே தெரியும். மெஷின் அதே அளவைக் காட்டுகிறதா என்று பார்ப்போம். காட்டினால்தான் வெளியே பெஞ்சில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பவர்களின் சாம்பிளைத் தொடலாம். கன்ட்ரோலின் முடிவு யாருடைய ரிப்போர்ட்டிலும் அச்சாகாது. அதைப் பற்றி எந்த நோயாளியும் கேட்டதில்லை. ஆனால் அது சரியாக வராத நாளில் ஒரு ரிப்போர்ட்டும் வெளியே போகக் கூடாது.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கிளினிக்கில், கல்யாணத்துக்கு முன்பிருந்தே எனக்கு இந்த வேலை. ஆகவே என் மகளின் பட்டம் ஏன் நின்றுபோனது என்பது மற்ற அம்மாக்களை விட எனக்குச் சீக்கிரம் விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. அன்றைக்கு எனக்கு விளங்கியதெல்லாம் அவள் போன் அணைந்திருக்கிறது என்பது மட்டும்தான்.

கோடை முடியும் சமயம். அவளுடைய பி.எஸ்சி. கடைசி செமஸ்டர் ரிசல்ட் வந்துவிட்டது. எல்லாப் பாடத்திலும் பாஸ், நல்ல மார்க். லேபில் எல்லோருக்கும் மைசூர்பா கொடுத்தாயிற்று. வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.எஸ்சி. உயிர்வேதியியலுக்கு நுழைவுத் தேர்வு எழுதி, கைவிரல் விட்டு எண்ணக்கூடிய இடங்களில் ஒன்றை வாங்கியிருந்தாள். ஆகஸ்ட் முடிவதற்குள் தற்காலிகப் பட்டச் சான்றிதழைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்த இடம் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு. அந்தச் சான்றிதழுக்காகத்தான் அன்று காலை கல்லூரிக்குப் போயிருந்தாள்.

மத்தியானம் அவள் தோழி கூப்பிட்டாள்.

“ஆன்ட்டி, அவ வீட்டுக்கு வந்துட்டாளா?”

“இல்லையே கண்ணு. உன்கூடத்தானே போனா?”

“ஆபீஸ்ல டிகிரிக்கு எலிஜிபிள் இல்லைன்னு சொல்லிட்டாங்களாம் ஆன்ட்டி. அழுதுட்டே வெளிய போயிட்டா. போன் சுவிட்ச் ஆஃப்னு வருது.”

என் முன்னால் ஒரு பெரியவர் கையை நீட்டி உட்கார்ந்திருந்தார். மேல்கையில் ரப்பர் பட்டை கட்டியிருந்தேன். அதை அவிழ்த்தேன். என் முகத்தைப் பார்த்து அவரே சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, “போங்கம்மா, போய்ப் பாருங்க. என்ற ரத்தம் எங்கயும் ஓடிடாது” என்றார். அவரை அதற்கப்புறம் பார்க்கவில்லை. பார்த்தால் நன்றி சொல்ல வேண்டும்.

ரிசல்ட் வாரங்களில் பேப்பரின் உள்பக்கத்தில் சின்னச் சின்னச் செய்திகள் வரும். அவற்றை நான் ஒருபோதும் முழுதாகப் படித்ததில்லை. அன்று அவையெல்லாம் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது போல இருந்தது. வீட்டைத் திறந்து பார்த்தேன். மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தேன். நாங்கள் ஞாயிறு ஆராதனைக்குப் போகும் ஆலயத்துக்குப் போனேன், பூட்டியிருந்தது. அவள் காலையில் போட்டுப் போனது நீலச் சுடிதார்; கல்லூரி வாசலில் நின்று, வெளியே வருகிற ஒவ்வொரு நீலச் சுடிதாரையும் பார்த்தேன். என் கணவர் பம்ப்செட் கம்பெனியில் சூப்பர்வைசர். வேலை நேரத்தில் போன் லாக்கரில் இருக்கும். கேட்டில் சொல்லி அவரை வெளியே வரவழைத்தேன். கையில் கிரீஸோடு வந்தார். சொன்னேன். உடனே பைக்கை எடுத்தார்.

வெயில் இறங்கிய பிறகு என் போன் அடித்தது. அவள்தான்.

“அம்மா, மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல இருக்கேன்.”

“அங்கேயே இரு கண்ணு. நகராத. அம்மா வாரேன்.”

வழியெல்லாம் என் கணவரின் சட்டையை முதுகில் கொத்தாகப் பிடித்துக்கொண்டு போனேன். கிரீஸ் வாசமும் வேர்வை வாசமும். அவர் அன்றைக்கு ஓட்டிய வேகத்தை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. அன்று மெதுவாகத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

ஊட்டி பஸ்கள் நிற்கிற பக்கம், சிமென்ட் பெஞ்சில், பாக்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. மடியில் கல்லூரிப் பை. எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். நான் அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்தேன். லேபுக்கு வரும் கைக்குழந்தைகளை அவர்களுடைய அம்மாக்கள் ஊசி போட்ட பிறகு தடவுவார்களே, அப்படி.

என் கணவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “எதாச்சும் தின்னியா அம்மணி?”

அவள் இல்லையென்று தலையாட்டினாள். அவர் போய் பஜ்ஜி வாங்கி வந்தார். அவள் தின்று முடிக்கும் வரை நாங்கள் இருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

“எங்க போறதுன்னு தெரியலம்மா. நின்ன பஸ்ல ஏறிட்டேன்,” என்றாள். “வழியெல்லாம் போர்டு படிக்கலாம்னு பாத்தேன். சில எழுத்து தெரியுது. சேத்துப் படிக்க வரல.”

“என்ன போர்டு?”

“தமிழ்ப் போர்டும்மா. தமிழ் பேப்பர் முடிக்கலேன்னு டிகிரி இல்லையாம்.”

என் கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “தமிழா? உனக்கா? பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்ட!” என்றவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நடந்ததை அவள் அங்கேயே சொன்னாள். பள்ளியில் அவளுக்கு இரண்டாம் மொழி பிரெஞ்சு. கோயம்புத்தூரில் எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான். பிரெஞ்சில் மார்க் அள்ளலாம், தமிழ்தான் வீட்டிலேயே வருகிறதே என்று எல்லோரும் சொன்னார்கள், நாங்களும் சொன்னோம். சின்ன வகுப்பில் கொஞ்ச நாள் எழுத்துகளைக் காட்டியிருக்கிறார்கள், அதோடு சரி. கல்லூரியிலும் மொழிப்பாடம் பிரெஞ்சு. அப்படித் தமிழே படிக்காமல் வருகிறவர்களுக்கு ‘அடிப்படைத் தமிழ்’ என்று ஒரு பாடம் உண்டு. முதலாண்டில் அந்த வகுப்புக்கு அவள் போகத்தான் செய்திருக்கிறாள். பாலக்காட்டுப் பக்கத்துப் பையன்கள், நகைக்கடை வைத்திருக்கிற மார்வாடி வீட்டுப் பெண்கள் என்று பாதி வகுப்பு. ஆசிரியை பேர் கேட்டிருக்கிறார், ஊர் கேட்டிருக்கிறார். இவள் பதில் சொன்னதும், “உன்ற பேச்சக் கேட்டா சிறுவாணித் தண்ணி குடிச்சு வளந்த புள்ளையாட்ட இருக்குது. நீ எதுக்கு கண்ணு இங்க?” என்றிருக்கிறார். வகுப்பே சிரித்திருக்கிறது. இவளும் சிரித்துக்கொண்டே எழுந்து பக்கத்து அறைக்குப் போய், உணவும் ஊட்டச்சத்தும் என்கிற பாடத்தில் பேர் கொடுத்துவிட்டாள்.

“அந்த மேடம் திட்டலம்மா. பாசமாத்தான் சொன்னாங்க. அத்தன பேருக்கு முன்னாடி, எனக்குப் படிக்கத் தெரியாது மேடம்னு எப்படிச் சொல்றது?”

எனக்கும்தான் தெரியாது, இவ்வளவு தெரியாது என்று. வாட்ஸ்அப்பில் எனக்கு அவள் அனுப்பும் தமிழெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் வரும். நானும் அப்படியே பதில் போடுவேன். கல்யாணப் பத்திரிகை வந்தால் போட்டோவைப் பார்த்துவிட்டு வைத்துவிடுவாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். ஞாயிறு ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவே மாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு வார்த்தை தப்பாமல் பாடுவாள். பக்தி என்று நினைத்தோம். போதகரின் மனைவி கூட மற்ற பெண்களிடம், “அந்தப் புள்ளையப் பாத்துக் கத்துக்கங்க” என்று சொல்லியிருக்கிறார்.

என் அப்பாவும் அம்மாவும் அந்தியூர்ப் பக்கம் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். ஆடி மாதம் குதிரைச் சந்தைக்குக் கூட்டிப் போனால் அப்பா குதிரையைப் பார்க்க மாட்டார். கடை கடையாக என்னை நிறுத்தி, “மேல என்ன எழுதியிருக்குது? சத்தமாப் படி கண்ணு” என்பார். நான் கத்துவேன். சுற்றியிருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்களா என்று அவர் பார்ப்பார். மேட்டுப்பாளையத்திலிருந்து திரும்பும்போது என் நினைவில் இது வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவள் இன்னும் அழுவாள்.

மறுநாள் மூவரும் கல்லூரித் தேர்வு அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி பொறுமையானவர். கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

“மொத்தக் கிரெடிட் சரியா இருக்குதுங்க. ஒண்ணு கூடக் குறையல,” என்றார்.

“அப்பறம் என்னங்க?” என்றார் என் கணவர்.

“மொத்தம் சரியா இருந்தாப் பத்தாதுங்க. ஒவ்வொரு பகுதியும் தனித்தனியா முடியோணும். ஒண்ணாம் பகுதி மொழி. ரெண்டு இங்கிலீஷ். மூணு அவங்க மேஜர். நாலுல சின்னச் சின்னப் பாடம், சுற்றுச்சூழல், இந்தத் தமிழ் எல்லாம். அஞ்சு என்.எஸ்.எஸ்., விளையாட்டு. தமிழே படிக்காம வந்தவங்க நாலுல அடிப்படைத் தமிழ் முடிச்சே ஆகோணும்னு விதிங்க. இவங்க அந்த எடத்துல வேற பாடம் எடுத்திருக்காங்க. அதுக்கும் அதே ரெண்டு கிரெடிட். கூட்டுனா சரியா வந்துடுச்சு, அதனால மூணு வருசமா யார் கண்ணுலயும் படல. பட்டம் குடுக்கறதுக்கு முன்னாடி பகுதி பகுதியாப் பாக்கறப்பத்தான் தெரிஞ்சுது.”

“நாலாம் பகுதி மார்க்க வெச்சா முதல் வகுப்புக் குடுப்பீங்க?” என்று கேட்டார் என் கணவர்.

“இல்லீங்க. கிளாஸ் போடறப்ப நாலையும் அஞ்சையும் கூட்ட மாட்டோம்.”

“கூட்ட மாட்டீங்கன்னா உட்ரலாம்ல?”

“கூட்டவும் மாட்டோமுங்க. அது இல்லாமப் பட்டம் குடுக்கவும் மாட்டோமுங்க.”

“இதென்னங்க நாயம்?” என்றார் என் கணவர். குரல் கொஞ்சம் உயர்ந்தது.

அப்போதுதான் எனக்கு என் லேபின் குப்பி ஞாபகம் வந்தது. ரிப்போர்ட்டில் வராதது, ஆனால் அது இல்லாமல் ரிப்போர்ட் இல்லை. என் கணவர் கையைத் தொட்டு, “நாயந்தானுங்க,” என்றேன். அவர் என்னை எதிர்க்கட்சிக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

ஆனாலும் விடவில்லை. “எம்புள்ள பேசற தமிழக் கேளுங்க. இப்பவே ஒரு பரீட்சை வெச்சுப் பாத்துக்கங்க.”

“தெரிஞ்சாப் பத்தாதுங்க, உக்காரோணும்,” என்று அதிகாரி சிரித்தார். வாரத்துக்கு ஒரு மணி நேரம் வீதம் ஒரு செமஸ்டர் முழுக்க வகுப்பில் இருந்தால் ஒரு கிரெடிட். பரிசோதனைக்கூடமாக இருந்தால் இரண்டு மணி நேரம். இரண்டு கிரெடிட் பாடத்துக்கு அத்தனை மணி நேரம் வகுப்பில் ஆள் இருந்ததாகக் கணக்கு வேண்டும், அதன் பிறகுதான் தேர்வு. இவள் அந்தப் பாடத்தில் ஒரு மணி நேரம் கூட முழுதாக உட்கார்ந்ததில்லை. முறைப்படி அடுத்த செமஸ்டரில் முதலாண்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்தால் பட்டம் கைக்கு வர மார்கழி ஆகிவிடும். எம்.எஸ்சி. இடம் அதற்குள் போய்விடும்.

அப்போது என் மகள் கேட்டாள்: “சார், அட்டெண்டன்ஸ் குறைஞ்சவங்களுக்கு ஜூன்ல தினமும் கிளாஸ் வெப்பாங்களே. அதுல நான் சேந்துக்கலாமா?”

அவர் அவளை ஒரு தரம் நன்றாகப் பார்த்தார். “தமிழ்த் துறையில ஒத்துக்கோணும். எழுதிக் குடுங்க, கேட்டுப் பாக்கறேன்,” என்றார். பிறகு மெதுவாக, “எதுல எழுதுவீங்க?” என்றார். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தாள். இரண்டு நாளில் ஒத்துக்கொண்டார்கள். பாடம் நடத்தப்போகிற ஆசிரியை, முதலாண்டில் அவளைத் திருப்பி அனுப்பியவர் அல்ல. அவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். அவர்மீது எனக்கு இன்றுவரை கோபம் வரவில்லை. சிறுவாணித் தண்ணி என்று என் பெண்ணைச் சொன்னால் நானும் அன்றைக்குச் சந்தோஷப்பட்டிருப்பேன்.

அப்படித்தான் முதல் வகுப்பு வாங்கிய என் மகள், வகுப்புக்கு வராமல் மாட்டிக்கொண்ட பிள்ளைகளோடு போய் உட்கார்ந்து அ, ஆ எழுதினாள். முதல் நாள் சாயங்காலம் அங்கு நடந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஒரு பாலக்காட்டுப் பையன், “சேச்சி, நீங்க தமிழ்தானே? பின்ன எந்தினா இங்க?” என்று கேட்டானாம். அவனுக்குப் பதில் சொன்னது ஒரு மார்வாடிப் பெண்: “சும்மா இர்றா. எங்க கடைக்கு வாரவங்கள்ல பாதிப் பேரு இந்த அக்காவாட்டத்தான். நல்லாப் பேசுவாங்க, பில்லு குடுத்தாப் படிக்கச் சொல்லி எங்க அப்பாகிட்டயே குடுப்பாங்க.”

“அந்தப் பொண்ணு ‘ங்க’ போடறதப் பாக்கோணும்மா. நம்ம எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிட்டுடுவா. அவ மட்டும் ஒழுங்கா கிளாசுக்கு வந்திருந்தா எப்பவோ பாஸ் பண்ணியிருப்பா.”

வீட்டில் நான் சொல்லிக் கொடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். ஆசையாகவே நினைத்திருந்தேன். அவள் முதல் நாளே சொல்லிவிட்டாள்: “அம்மா, நீ பக்கத்துல உக்காந்தா எனக்குக் கை ஓட மாட்டேங்குது. ப்ளீஸ், போய் எதாச்சும் வேலை பாரு.” சமையலறைக்குப் போய்விடுவேன். ஆனால் அவள் சத்தமாகப் படிக்கும்போது என் காது அங்கேதான் இருக்கும். ஏதாவது ஒரு சொல்லில் அவள் நின்றால் என் வாய் தானாக அந்தச் சொல்லைச் சொல்ல ஆரம்பிக்கும், சத்தமில்லாமல். கதவோரத்தில் நான் நிற்பதைப் பார்த்துவிடுவாள். “வாயசைக்காதம்மா!”

அவளுக்கு நான் உதவியது ஸ்கூட்டரில் மட்டும்தான். சாயங்காலம் லேபிலிருந்து போய்க் கல்லூரி வாசலில் அவளை ஏற்றிக்கொண்டு வருவேன். பின்னால் உட்கார்ந்து, வழியில் வருகிற போர்டுகளை என் காதுக்குள் படித்துக்கொண்டே வருவாள். “பட்... டு... மா... ளி... கை. பட்டு மாளிகை!” அவள் முடிப்பதற்குள் கடை போய்விடும். “மெதுவாப் போம்மா, பாதியிலேயே போயிடுது.” நான் வேகத்தைக் குறைப்பேன். பின்னால் ஆட்டோக்காரர்கள் ஹார்ன் அடிப்பார்கள். ஒருவர் பக்கத்தில் வந்து, “ஏனுங்கம்மணி, வண்டி ஓட்டறீங்களா, சாமி ஊர்வலம் போறீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒருநாள் ஒரு பெரிய பங்களா வாசல். இரும்புக் கேட்டில் நீளமாக எழுதியிருந்தது. “அம்மா நில்லு, நில்லு, இத முழுசாப் படிச்சுடறேன்,” என்றாள். கேட்டை ஒட்டி நிறுத்தினேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்ட ஆரம்பித்தாள். “கேட்... டின்... முன்... வா... க... னங்... களை...” அதற்குள் காவலாளி உள்ளேயிருந்து வந்துவிட்டார்.

“ஏனுங்க, எழுதி வெச்சிருக்கறது கண்ணுக்குத் தெரியலீங்களா?”

“அதத்தாங்க படிச்சுட்டு இருக்கேன்! ஒரு நிமிசம் இருங்கங்க. நி... றுத்... தா... தீர்!” முடித்துவிட்டுத்தான் அவள் சொன்னதன் அர்த்தம் அவளுக்கே எட்டியது. நான் வண்டியை எடுப்பதற்குள் காவலாளி சிரிக்கத் தொடங்கிவிட்டார். வீடு வந்து சேரும் வரை என் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குச் சந்தேகம். கண்ணாடியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டேன். சிரிப்புத்தான்.

அப்படிப் பார்த்துக்கொள்வது எனக்கு வழக்கமாகிவிட்டது. அந்த மத்தியானத்துக்கு அப்புறம் என் உடம்பில் ஏதோ ஒன்று பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. அவள் குளிக்கப் போனால் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அழைப்பை எடுக்க நேரமானால் மறுபடி மறுபடி அழுத்துவேன். அவளுக்கு இது தெரியும். கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்ததும் செய்தி அனுப்பிவிடுவாள். நான் கேட்டு ஆரம்பித்ததல்ல, அவளாக ஆரம்பித்தது. “vandhuten ma” என்று வரும்.

துணைத் தேர்வு ஜூலையில். அன்று லீவு போட்டேன். தேர்வறைக்குள் போனை எடுத்துப் போக விடமாட்டார்கள். அணைத்துப் பையில் வைத்துவிட வேண்டும். எனக்கு அவள் பாஸாவாளா என்பதை விட அதுதான் பெரிய பாடாக இருந்தது. கல்லூரிக்கு எதிரே இருந்த பேக்கரியில் உட்கார்ந்து தேங்காய் பன்னை உதிர்த்துக்கொண்டிருந்தேன். தெரியும், உள்ளே இருக்கிறாள், எழுதிக்கொண்டிருக்கிறாள், போன் அணைந்துதான் இருக்கும். தெரிந்தும் ஒரு தரம் அவள் எண்ணை அழுத்தினேன். அணைந்திருக்கிறது என்று அந்தப் பெண் குரல் சொன்னது. அந்த மத்தியானம் கேட்ட அதே குரல். பன்னை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து கேட்டுக்கு நேரே நின்றேன்.

மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் என் போன் ஒலித்தது. அவள் எண்ணிலிருந்து செய்தி. நம் எழுத்தில் இருந்தது.

“முடிஞ்சது. பசிக்குது.”

அதைப் படித்தேன். மறுபடியும் படித்தேன். கேட்டைத் தாண்டி அவள் வந்தது எனக்குத் தெரியவில்லை. தோளைத் தொட்டு, “என்னம்மா, இவ்வளவு நேரம் ஒரு வரியப் படிக்கற? என்னை விட மோசமா இருக்க,” என்றாள்.

பாஸாகிவிட்டாள். அவள் மூன்று வருடத்தில் வாங்கியதிலேயே குறைந்த மார்க் அதில்தான். அவளுக்குக் கொஞ்சம் வருத்தம். என் கணவர், “கூட்டலுக்குத்தான் வராதுல்ல, உடு அம்மணி,” என்றார். தற்காலிகச் சான்றிதழ் ஆகஸ்டில் கைக்கு வந்தது. அதை எடுத்துக்கொண்டு அப்பாவும் மகளும் ரயிலேறிப் போனார்கள். இடம் தங்கியது. இப்போது அவள் அந்த ஊரில் ஹாஸ்டலில் இருக்கிறாள். ஆய்வகத்தில் இருக்கும்போது போன் அணைந்திருக்கும். உள்ளே போகுமுன் “லேப்” என்று ஒரு சொல் அனுப்பிவிட்டுப் போவாள். அந்த ஒரு சொல் என்னை நாலு மணி நேரம் வேலை செய்ய விடுகிறது.

பட்டமளிப்பு விழா அடுத்த வருடம்தான் நடந்தது. அவள் லீவில் வந்திருந்தாள். எங்களுக்குப் பின் வரிசை. அவள் மேடை ஏறியது ஒரு கறுப்பு அங்கி ஏறியது போலத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் என் கணவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் கம்பெனிக்குப் போகவில்லை, கையில் கிரீஸ் இல்லை, இருந்தும் கழுவினார்.

“எடு, பாப்போம்.”

உறையிலிருந்து சான்றிதழை எடுத்தாள். கெட்டித் தாள். நாங்கள் மூவருமே அப்போதுதான் கவனித்தோம்: மேல் பாதி தமிழ், கீழ்ப் பாதி இங்கிலீஷ். அந்த மேல் பாதியையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“படி. அப்பாவுக்குச் சத்தமா,” என்றார் அவர்.

கீழே இருந்த இங்கிலீஷைப் படிக்க அவளுக்கு ஒரு மூச்சுப் போதும். அவள் மேலே ஆரம்பித்தாள். பல்கலைக்கழகத்தின் பேரைக் கூட்டினாள். ஆட்சிக் குழு என்பதைக் கூட்டினாள். அவள் பேர் வந்த இடத்தில் நிற்காமல் போனாள். அதற்கு அடுத்த வரியில் ஒரு நீளமான சொல். ‘நிறைவு’ வரை வந்துவிட்டாள். அதற்கு மேல் நின்றது. விரலை வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பார்த்தாள். பக்கத்து வீட்டு மிக்ஸிச் சத்தம் கேட்டது. அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

நிமிராமலே சொன்னாள்: “அம்மா. வாயசைக்காத.”

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் அந்த வரியை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.